உயிருள்ள மண், பூட்டிய அறை: கஞ்சாச் செடியின் காலடியில் ஒரு நூற்றாண்டு

இன்றைய எபிசோட் மண்ணைப் பற்றியது. அந்த மண்ணில் நிற்கிற செடியின் பெயரைச் சொன்னதும் சிலர் ஹெட்போன் சத்தத்தைக் குறைக்கலாம். கஞ்சா. அதனால் முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி, உரிமம் இல்லாமல் கஞ்சாச் செடி வளர்த்தால் 10 ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனை கிடைக்கலாம். மொட்டைமாடித் தொட்டியில் ஒரே ஒரு செடி என்றாலும் சட்டத்தின் கண்ணில் அது சாகுபடிதான். ஆகவே இது வளர்ப்பு வகுப்பு இல்லை. வரலாற்று எபிசோட்.

என்ன வரலாறு? அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்று உரிமம் பெற்ற கஞ்சாக் கடைகள் இருக்கின்றன. அங்கே சில டப்பாக்கள் மேல் 'லிவிங் சாயில்' என்று அச்சடித்திருக்கும். உயிருள்ள மண்ணில் விளைந்தது என்று அர்த்தம். அந்தச் செடி வளர்ந்த இடத்தைப் பார்த்தால், பல நேரம் அது ஜன்னலே இல்லாத ஒரு கட்டடமாக இருக்கும். மேலே விளக்கு. பக்கத்தில் ஏ.சி. கீழே பெரிய பெட்டிகளில் மண். அந்த மண்ணுக்குள் மண்புழு, மேலே வைக்கோல் மூடாக்கு, உள்ளே வேப்பம் புண்ணாக்கு.

எனக்கு இதில் ஒரே ஒரு கேள்விதான் உறுத்தியது. மண்புழு மேல் இவ்வளவு அக்கறை இருக்கிறவர்கள் செடியை ஏன் வெயிலில் வைக்கவில்லை?

இதற்குப் பதில் தேடிப் போனால் பீகார், இந்தூர், இங்கிலாந்தின் ஒரு கிராமம், கலிஃபோர்னியா மலைக்காடு, அமெரிக்க உச்ச நீதிமன்றம், கடைசியில் நம்ம பொள்ளாச்சி வரை போக வேண்டியிருக்கிறது. வாங்க, போவோம்.

பூசாவில் ஒரு வாத்தியார் மாணவரான கதை

1840-இல் ஜெர்மன் வேதியியல் அறிஞர் யுஸ்டஸ் ஃபான் லீபிக் விவசாய வேதியியல் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். செடி மண்ணிலிருந்து எடுப்பது தாது உப்புகளைத்தான் என்பது அதன் சாரம். அது தவறான கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் அதிலிருந்து பிறந்த வியாபார மனப்பான்மை வேறு மாதிரி இருந்தது. மண் என்பது செடியை நிமிர்த்தி வைக்கிற ஒரு ஸ்டாண்ட். அதில் தேவையான உப்பைப் போட்டால் போதும். 1913-இல் ஜெர்மனியின் ஒப்பாவ் ஆலையில் காற்றிலிருக்கும் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் உற்பத்தி தொடங்கியதும், அந்த உப்பை மூட்டை மூட்டையாகத் தயாரிக்கிற வழியும் கிடைத்துவிட்டது.

இதற்கு நடுவே, 1905-இல் ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் பீகாரில் உள்ள பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். அரசாங்கத் தாவரவியல் அறிஞர் என்ற பதவி. இந்திய விவசாயிக்கு நவீன விவசாயம் சொல்லிக்கொடுக்க வந்தவர். அவர் மனைவி கேப்ரியேலும் கேம்பிரிட்ஜில் பயின்ற தாவரவியல் அறிஞர். பூசாவின் புகழ்பெற்ற கோதுமை ரகங்களை இருவரும் சேர்ந்துதான் உருவாக்கினார்கள்.

சொல்லிக்கொடுக்க வந்தவர் சுற்றியிருந்த வயல்களைப் பார்த்துக் குழம்பிப்போனார். பூச்சிமருந்து, செயற்கை உரம் எதுவும் இல்லாமல் அக்கம்பக்கத்து விவசாயிகளின் பயிர் நோயில்லாமல் நின்றது. அப்புறம் அவர் செய்தது, அந்தக் காலத்து காலனிய அதிகாரி ஒருவரிடம் நாம் எதிர்பார்க்காத காரியம். அந்த விவசாயிகளையும், பயிரைத் தாக்கும் பூச்சிகளையும் தன் ஆசிரியர்களாக எடுத்துக்கொண்டார். பின்னாளில் இதை அவரே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்.

அவர் சொன்ன ஒரு சம்பவம் பிரபலம். பூசாவில் அவர் வளர்த்த உழவு மாடுகள், வேலிக்கு அந்தப்பக்கம் கோமாரி நோய் வந்திருந்த மாடுகளோடு மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டிருந்தன. ஆனாலும் நோய் தொற்றவில்லை. நல்ல மண், நல்ல தீவனம், அதனால் எதிர்ப்புச் சக்தி என்று அவர் முடிவுக்கு வந்தார். இதை இன்றைய ஆய்விதழ் எதுவும் ஆதாரமாக ஏற்காது. இங்கே ஒப்பீட்டுக் குழு இல்லை, எண்ணிக்கை இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்க, ஏன்னா இயற்கை வேளாண்மையின் பலமும் பலவீனமும் ரெண்டுமே இந்த ஒரு கதையில் இருக்கிறது. கண் கூர்மையாக இருக்கும். நிரூபணம் பின்தங்கியே வரும்.

1924-இல் ஹோவர்ட் தம்பதி இந்தூருக்கு மாறினார்கள். அங்கேதான் 'இந்தூர் முறை' உருவானது. பயிர்க்கழிவு, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், மரச்சாம்பல் எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் பார்த்து, குறிப்பிட்ட நாளில் புரட்டிவிட்டு, ஏறக்குறைய மூன்று மாதத்தில் மட்கு உரம் எடுப்பது. நம் பாட்டன் காலத்துக் குப்பைக்குழிதானே என்று நீங்க கேட்கலாம். பாதி சரி. இந்திய விவசாயிகளின் பழக்கத்தையும் சீன விவசாயம் பற்றிய நூல்களையும் பார்த்துத்தான் அவர் இதை வடிவமைத்தார். அவர் சேர்த்தது அளவு, காலக்கணக்கு, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே என்ன நுண்ணுயிர் வேலை செய்கிறது என்ற விளக்கம்.

1931-இல் இது புத்தகமாக வந்தபோது அட்டையில் ரெண்டு பெயர்கள் இருந்தன: ஆல்பர்ட் ஹோவர்ட், யஷ்வந்த் வாட். இந்தூர் ஆய்வகத்தில் வேதியியல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் வாட். ஆனால் பிற்கால வரலாறுகளில் 'இயற்கை வேளாண்மையின் தந்தை' என்ற பட்டம் ஒருவருக்குத்தான் போனது. கேப்ரியேல் 1930-இலேயே இறந்துவிட்டார். வாட் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை. அந்த வயல்காரர்களின் பெயரை எழுதிவைக்கவே இல்லை.

ஹோவர்டின் மையக் கருத்து ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்க. கடைசியில் தேவைப்படும். மண்ணிலிருந்து எடுத்ததெல்லாம் மண்ணுக்கே திரும்ப வேண்டும். இதைத்தான் அவர் திருப்பித் தரும் விதி என்றார்.

ஒரே ஆண்டில் ரெண்டு சம்பவங்கள்

ஹோவர்டின் எழுத்து இங்கிலாந்தில் ஈவ் பால்ஃபரை எட்டியது. 1939-இல் அவர் சஃபோக் பகுதியின் ஹாலி கிராமத்தில் இயற்கை முறையையும் ரசாயன முறையையும் பக்கத்து பக்கத்து நிலங்களில் ஒப்பிடும் சோதனையைத் தொடங்கினார். 1943-இல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்புதான் 'உயிருள்ள மண்'. இன்று கஞ்சா டப்பாவில் இருக்கிற அதே சொல். கடல் தாண்டி அமெரிக்காவில் ஜே. ஐ. ரோடேல் என்பவர் ஹோவர்டைப் படித்துவிட்டு 1942-இல் பென்சில்வேனியாவிலிருந்து இயற்கைத் தோட்டக்கலை இதழ் ஒன்றை ஆரம்பித்தார்.

அதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்துகொண்டிருந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வில்லியம் கெரிக், மண்ணே இல்லாமல் சத்துக் கலந்த தண்ணீரில் ஆளுயரத்துக்கு மேல் தக்காளிச் செடி வளர்த்துக் காட்டினார். 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற சொல் 1937-இல் அவர் வழியாகப் புழக்கத்துக்கு வந்தது. அதே 1937-இல்தான் அமெரிக்கா கஞ்சாவுக்கு வரிச்சட்டம் கொண்டுவந்தது. பெயருக்கு வரி, நடைமுறையில் தடை. இரண்டுக்கும் அப்போது எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒன்றை ஒன்று சந்திக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆகும்.

மேலே ஹெலிகாப்டர்

1960-களின் கடைசி. சான் பிரான்சிஸ்கோவிலிருந்தும் மற்ற நகரங்களிலிருந்தும் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வடக்கே போனார்கள். ஹம்போல்ட், மெண்டசீனோ, டிரினிட்டி என்ற மூன்று மாவட்டங்கள். செம்மரக் காடுகளை வெட்டி முடித்த நிலம் மலிவாகக் கிடைத்தது. நகர வாழ்க்கை வேண்டாம், நாமே விதைத்து நாமே சாப்பிடுவோம் என்று போனவர்கள். ரோடேலின் இதழ் போன்றவை அவர்களுக்குப் பாடப்புத்தகம். இந்தூரில் புரட்டிப்போட்ட குவியல், நான்கைந்து கை மாறி அங்கே போய்ச் சேர்ந்தது.

காய்கறியோடு கஞ்சாவும் போட்டார்கள். ஆரம்பத்தில் தங்களுக்காக. அமெரிக்காவில் அப்போது விற்ற கஞ்சாவில் பெரும்பகுதி மெக்சிகோவிலிருந்து வந்தது. 1970-களின் நடுவில் அமெரிக்க உதவியோடு மெக்சிகோ அரசு அந்த வயல்கள் மேல் பாராகுவாட் என்ற களைக்கொல்லியை விமானத்திலிருந்து தெளித்தது. களைக்கொல்லி படிந்த சரக்கு எல்லை தாண்டி வருகிறது என்ற செய்தி 1978 வாக்கில் பெரிய பீதியைக் கிளப்பியது. மருந்து தெளிக்காத உள்ளூர்ச் சரக்குக்குத் திடீர் கிராக்கி. அந்த மலைத் தோட்டங்களில் ஆண்செடியைப் பிடுங்கிவிட்டு, விதை பிடிக்காத பெண்பூவை மட்டும் எடுக்கும் முறை ஏற்கனவே பழகியிருந்தது. மலைக்குள் பணம் வந்தது.

பணம் வந்தால் போலீஸ் வரும். 1983-இல் கலிஃபோர்னியா மாநிலமும் மத்திய அரசும் சேர்ந்து 'கேம்ப்' என்ற ஒழிப்பு இயக்கத்தை ஆரம்பித்தன. அறுவடைப் பருவத்தில் மலைகள் மேல் ஹெலிகாப்டர்கள் சுற்றின. மேலிருந்து பார்த்தால் கஞ்சாவின் பச்சை தனியாகத் தெரியும். இறங்கி வெட்டுவார்கள்.

என் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. செடி கூரைக்குள் போனது விஞ்ஞானம் வளர்ந்ததால் இல்லை, வானத்திலிருந்து பார்த்தால் தெரியக்கூடாது என்பதால். அதே 1983-இல் ஹோர்ஹே செர்வான்டெஸ் என்ற புனைபெயரில் ஓர் அமெரிக்கர், அறைக்குள் கஞ்சா வளர்ப்பது பற்றிச் சொந்தச் செலவில் புத்தகம் போட்டார். அந்தத் துறையின் அடிப்படை நூலாகவே அது ஆகிவிட்டது. எழுதியவர் தன் சொந்தப் பெயரைப் போட முடியாத பாடப்புத்தகம்!

சூரியனுக்குப் பதில் என்ன விளக்கு? நம்ம ஊர் மெயின் ரோட்டில் எல்.இ.டி. வருவதற்கு முன்னால் மஞ்சளாக எரிந்ததே, சோடியம் விளக்கு, அதே குடும்பம். ஒரு விளக்கு 1,000 வாட். அதன் சூட்டைத் தணிக்க ஏ.சி. ஈரத்தை இழுக்க இன்னொரு இயந்திரம். வாசனையைப் பிடிக்கக் கரி வடிகட்டி.

அறைக்குள் போனதும் மண் ஒரு தொல்லையாக மாறியது. யோசிச்சுப் பாருங்க. வாடகை வீட்டுக்குள் மூட்டை மூட்டையாக மண் தூக்கிக்கொண்டு போனால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார்? அறுவடை முடிந்ததும் அதை எங்கே கொட்டுவது? மண்ணோடு பூச்சியும் வரும். மட்கு உரம் மெதுவாகத்தான் வேலை செய்யும். எந்த நாளும் பிடிபடலாம் என்று பயத்தில் இருக்கிறவனுக்கு வேகம் வேண்டும். ஆக, பெர்க்லியில் பிறந்த ஹைட்ரோபோனிக்ஸ் கைகொடுத்தது. பாறைப்பஞ்சு, பிளாஸ்டிக் தொட்டி, உப்புக் கரைசல் பாட்டில். கடையில் போய் 'தக்காளிக்கு' என்று சொல்லி வாங்கிவருவார்கள். கடைக்காரரும் தக்காளிக்குத்தான் என்று நம்புவது போல விற்பார்.

அந்த நாடகமும் நீடிக்கவில்லை. 1989 அக்டோபர் 26 அன்று 'கிரீன் மெர்ச்சன்ட்' என்ற நடவடிக்கையில் மத்திய போதைத் தடுப்பு அமைப்பு 46 மாநிலங்களில் சோதனை நடத்தியது. குறி வைத்தது தோட்டக்கருவி கடைகளையும், அவற்றின் வாடிக்கையாளர்களையும். விளக்கு வாங்கிய பில் இருந்தாலே சந்தேக நபர்.

அடுத்தது இன்னும் சுவாரசியம். 1992 ஜனவரி, ஓரிகன் மாநிலத்தில் ஃப்ளோரன்ஸ் என்ற சிறிய ஊர். அதிகாலை மூணு மணிக்கு மேல், சில அதிகாரிகள் தெருவில் காரில் உட்கார்ந்தபடியே டேனி கைல்லோ என்பவரின் வீட்டை வெப்பக் கேமராவால் பார்த்தார்கள். கார் ஷெட் கூரையும் ஒரு பக்கச் சுவரும் மற்ற இடங்களைவிடச் சூடாகத் தெரிந்தன. இதையும் மின்கட்டண விவரத்தையும் காட்டி வாரன்ட் வாங்கி உள்ளே போனால், நூற்றுக்கும் மேற்பட்ட செடிகள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2001-இல், 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு: வாரன்ட் இல்லாமல் வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தை அளப்பதும் சோதனைதான், செல்லாது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி அன்டனின் ஸ்கேலியா, கடும் பழமைவாதி. வீட்டுப் பெண்மணி எத்தனை மணிக்குக் குளிக்கிறார் என்பதைக்கூட இந்தக் கருவி காட்டிக்கொடுக்கலாமே என்பது அவர் வாதங்களில் ஒன்று. இன்று அமெரிக்காவில் தனியுரிமை பற்றிப் பேசும் எந்தச் சட்ட மாணவரும் ஒரு கஞ்சா விளக்கின் சூட்டைத் தாண்டாமல் போக முடியாது.

இந்தக் கதையைச் சாகசமாகச் சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் அந்த ஆண்டுகளில் கைதானவர்களை மறந்துவிடக் கூடாது. 2013-இல் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் வெளியிட்ட அறிக்கைப்படி, கஞ்சா வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்குக் கிட்டத்தட்ட 4 மடங்கு. ரெண்டு பேரின் பழக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்போதே இப்படி.

மண் திரும்பி வந்தது

1996-இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தார்கள். இப்போது வாங்குகிறவர்களில் புற்றுநோயாளிகள் இருந்தார்கள், எய்ட்ஸ் நோயாளிகள் இருந்தார்கள். இதில் என்ன தெளித்திருக்கிறது என்ற கேள்வி முதல்முறையாகச் சத்தமாகக் கேட்டது. கஞ்சாச் செடிக்கு மண்ணிலிருக்கும் கன உலோகங்களை உறிஞ்சும் குணம் உண்டு. அதன் உறவான நார்ச்சணலைச் செர்னோபில் அருகே மண்ணைச் சுத்தம் செய்யவே நட்டுப் பார்த்திருக்கிறார்கள். அப்படியென்றால் அது எதில் நிற்கிறது என்பது சாதாரண விஷயமில்லை.

அதே காலத்தில் மண்ணியலும் முன்னேறியிருந்தது. அமெரிக்க மண் உயிரியலாளர் எலெய்ன் இங்ஹம் 'மண் உணவு வலை' என்ற பார்வையைப் பரப்பிக்கொண்டிருந்தார். 2006-இல் ஜெஃப் லோவன்ஃபெல்ஸ், வெய்ன் லூயிஸ் இருவரும் அதைச் சாதாரணத் தோட்டக்காரருக்குப் புரியும்படி ஒரு புத்தகமாக எழுதினார்கள். விஷயம் சுருக்கமாக இதுதான். செடி தான் தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கை வேர் வழியாக மண்ணுக்குள் விடுகிறது. அதைத் தின்ன பாக்டீரியாவும் பூஞ்சையும் வருகின்றன. அவற்றைத் தின்ன இன்னும் பெரிய நுண்ணுயிர்கள் வருகின்றன. அவை கழிக்கும் நைட்ரஜன், வேருக்குப் பக்கத்திலேயே செடிக்குக் கிடைக்கிறது. வேரோடு ஒட்டி வாழும் வேர்ப்பூஞ்சை, வேர் எட்டாத இடத்திலிருந்து பாஸ்பரஸ் கொண்டுவந்து கொடுத்துச் சர்க்கரை வாங்கிக்கொள்கிறது. பண்டமாற்றுதான். நாம் பாட்டில் பாட்டிலாக உப்பு ஊற்றினால் இந்தப் பண்டமாற்றுக்கு வேலையில்லாமல் போகிறது. வேர்ப்பூஞ்சையின் முக்கியத்துவத்தைப் பற்றி ஹோவர்ட் 1940-லேயே எழுதியிருந்தார். அப்போது அதைக் கேட்க ஆளில்லை.

அறைக்குள் வளர்த்தவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பாட்டிலைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பெரிய பெட்டியில் மண் கலந்தார்கள். அவர்களிடையே பரவிய கலவையின் அடிப்படை எளிது: ஒரு பங்கு கரிச்சதுப்புப் பாசி அல்லது தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு காற்றோட்டத்துக்கு எரிமலைக் கல் அல்லது நெல் உமி, ஒரு பங்கு மண்புழு உரம். அதோடு கடற்பாசித் தூள், நண்டு ஓட்டுத் தூள், பாறைத் தூள். அப்புறம், வேப்பம் புண்ணாக்கு, புங்கம் புண்ணாக்கு. ஆமாம், நம்ம ஊர் உரக்கடையில் மூட்டையில் இருக்கிற அதே புங்கம் புண்ணாக்கு. மேலே தீவனப்புல்லோ பயறுவகையோ விதைத்து மூடாக்கு. அறுவடை முடிந்தால் தண்டை வெட்டிவிட்டு வேரை மண்ணிலேயே விட்டு, பக்கத்திலேயே அடுத்த செடி. மண்ணைக் கொட்டுவதே இல்லை; அதே பெட்டி ஆண்டுக்கணக்கில் ஓடும்.

2012-இல் கொலராடோவும் வாஷிங்டனும் வயதுவந்தோர் பயன்பாட்டையும் சட்டமாக்கின. 2015-இல் கொலராடோவில் அனுமதியில்லாத பூச்சிமருந்து, பூஞ்சைக்கொல்லி இருந்ததாக ஆயிரக்கணக்கான செடிகளை அதிகாரிகள் முடக்கினார்கள். அதில் அடிபட்ட ஒரு பூஞ்சைக்கொல்லி, எரியும்போது ஹைட்ரஜன் சயனைடு வாயுவை வெளிவிடக்கூடியது. கத்தரிக்காயில் இருந்தால் கழுவலாம், புகைக்கிற பொருளில்? உயிருள்ள மண்ணுக்கு அதன்பின் ஒரு மரியாதை வந்தது. இதில் ஒரு வேடிக்கை: மத்திய அரசின் பார்வையில் கஞ்சா சட்டவிரோதம் என்பதால், எவ்வளவு ஒழுங்காக வளர்த்தாலும் அமெரிக்க அரசின் 'ஆர்கானிக்' முத்திரை அதற்குக் கிடைக்காது. கலிஃபோர்னியா 2021-இல் 'ஓகால்' என்று தனியாக ஒரு முத்திரையே உருவாக்க வேண்டிவந்தது.

கரன்ட் பில்

இதுவரை கேட்டால் நல்ல முடிவுள்ள கதை மாதிரித்தான் இருக்கிறது. மண் தோற்றது, மண் ஜெயித்தது. நானும் அப்படியே முடித்திருப்பேன், கரன்ட் பில்லைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

2012-இல் எவன் மில்ஸ் என்ற ஆற்றல் ஆய்வாளர் ஒரு கணக்குப் போட்டார். அமெரிக்காவின் மொத்த மின்சாரத்தில் சுமார் 1 சதவீதம் அறைக்குள் கஞ்சா வளர்க்கவே போகிறது. ஆண்டுக்குச் சுமார் 600 கோடி டாலர். 2021-இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாநிலவாரியாகப் பார்த்தார்கள். ஒரு கிலோ காய்ந்த பூவுக்கு, இடத்தைப் பொறுத்து, 2,283 முதல் 5,184 கிலோ வரை கரியமில வாயுவுக்கு இணையான வெளியேற்றம். பெரும்பகுதி விளக்குக்குக்கூட இல்லை. அறையின் சூட்டையும் ஈரத்தையும் காற்றையும் சரிசெய்வதற்கு. கீழே மண்ணில் என்ன உயிர் இருந்தாலும், இந்தப் பில் பெரிதாக மாறாது.

சட்டமாகிவிட்டதே, வெளியே வரலாமே? அங்கேதான் சிக்கல். ஒரு மாநிலத்தில் விளைந்ததை இன்னொரு மாநிலத்துக்கு அனுப்ப மத்தியச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால் பனி கொட்டுகிற மாநிலமும் தனக்குத் தேவையானதைத் தானே வளர்க்க வேண்டும். பல ஊராட்சிகள் பாதுகாப்பு, வாசனை என்று சொல்லிக் கட்டடத்துக்குள் மட்டுமே உரிமம் தருகின்றன. ஒளித்துவைத்த காலத்தில் பழகிய வாடிக்கையாளருக்கும், அறைக்குள் விளைந்த பளபளப்பான பூதான் 'தரம்'. ஹெலிகாப்டர் போய்விட்டது. அதற்குப் பயந்து கட்டிய அறை மட்டும் தங்கிவிட்டது.

அந்த மலைக்காரர்கள் என்ன ஆனார்கள்? 2016-இல் கலிஃபோர்னியா முழுமையாகச் சட்டமாக்கியபோது, பெரிய பண்ணைகளுக்கு ஐந்து ஆண்டு உரிமம் கிடையாது, சிறு விவசாயிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும் என்ற வாக்குறுதி இருந்தது. ஆனால் 2017-இல் வந்த விதிகள், ஒரே நிறுவனம் எத்தனை சிறு உரிமம் வாங்கலாம் என்பதற்கு வரம்பு வைக்கவில்லை. சிறு உரிமங்களை அடுக்கி அடுக்கிப் பெரிய பண்ணையாக்கினார்கள். விலை சரிந்தது. 2022-இல் ஹம்போல்ட் மாவட்ட நிர்வாகமே சாகுபடி வரியைப் பெருமளவு குறைக்க வேண்டிய நிலை. ஹெலிகாப்டர் காலத்தில் தாக்குப்பிடித்த பல தோட்டங்கள் உரிமக் கட்டணத்தில் மூடின. வெயிலில், மட்கு உரத்தில், மழைநீரில் வளர்த்தவர்கள் கடன்காரர்களானார்கள். அவர்களுடைய சொல் மட்டும் டப்பாவில் ஏறியது.

பெட்டிக்குள் இருக்கும் பொள்ளாச்சி

கடைசியாக நம்ம ஊர். அந்தப் பெட்டியில் ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு என்று சொன்னேனே, உலகச் சந்தையில் அதன் பெயர் கோகோ பீட். பொள்ளாச்சி வட்டாரம் அதன் முக்கியமான உற்பத்தி இடங்களில் ஒன்று. தேங்காய் மட்டையிலிருந்து கயிறு எடுத்தபின் மிஞ்சும் தூள், ஒரு காலத்தில் சாலையோரம் குவிந்துகிடந்த குப்பை. இன்று அழுத்திக் கட்டியாக்கி ஏற்றுமதி. பெரும்பாலும் தக்காளி, ஸ்ட்ராபெரி, பூச்செடிகளுக்கு. கஞ்சா வளர்ப்பவர்களும் வாங்குகிறார்கள்.

ஆனால் நார்க்கழிவில் இயற்கையாகவே உப்பு அதிகம். வெளிநாட்டுக்காரர் கேட்கும் தரத்துக்குக் கொண்டுவரத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். அந்தப் பழுப்புத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக் கிணறு கெடுகிறது என்று அந்தப் பகுதி விவசாயிகள் பல ஆண்டுகளாகப் புகார் சொல்லிவருகிறார்கள். 2021-இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்தத் தொழிலை வெள்ளைப் பட்டியலிலிருந்து ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியது. தொழில் நடத்துபவர்கள் எதிர்த்தார்கள். பலர் சிறு முதலாளிகள், அவர்களை நம்பி நிறையத் தொழிலாளர்கள். யார் பக்கமும் சுலபமாக நியாயம் சொல்லிவிட முடியாது.

இப்போது ஹோவர்டின் அந்த விதியை எடுங்க. மண்ணிலிருந்து எடுத்தது மண்ணுக்கே திரும்ப வேண்டும். அந்த அறைக்குள் இருப்பவர் இலையையும் வேரையும் தன் பெட்டிக்கே திருப்பிக் கொடுக்கிறார். ஒவ்வொரு அறுவடைக்கும் பாறைப்பஞ்சைக் குப்பையில் கொட்டுகிறவரைவிட அது நிச்சயம் மேல். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பாசி கனடாவின் சதுப்பிலிருந்து, புண்ணாக்கு இந்திய மரத்திலிருந்து, நார் பொள்ளாச்சியிலிருந்து. திரும்பிப் போவது எதுவும் இல்லை. பெட்டிக்குள் வட்டம் முழுமையாக இருக்கிறது. பெட்டிக்கு வெளியே அது ஒருவழிப்பாதை.

இது கஞ்சாக்காரர்களுக்கு மட்டுமான பிரச்சினை இல்லை. நீங்க சென்னையிலோ கோயம்புத்தூரிலோ மாடித்தோட்டம் போட்டிருந்தால், உங்க பைக்குள் இருப்பதும் பெரும்பாலும் அதே நார்க்கழிவுதான், அதே வேப்பம் புண்ணாக்குதான். நமக்கு ஒரு வசதி இருக்கிறது. வெயில் இலவசம், ஒளிக்கவும் எதுவும் இல்லை. கத்தரி காய்த்து முடிந்ததும் பையைக் காலிசெய்து குப்பை வண்டியில் போடாமல், வேரை உள்ளேயே விட்டு, காய்ந்த இலையை மேலே பரப்பி, சமையலறைக் கழிவை மட்கவைத்துப் போட்டுப் பாருங்க. ஒரு வருஷம் கழித்துப் பையில் கை விட்டால் வித்தியாசம் தெரியும். அந்த வித்தையை உலகத்துக்குச் சொன்னவர் பெயர் ஹோவர்ட் என்று புத்தகத்தில் இருக்கும். அவருக்குச் சொன்னவர்கள் பூசா பக்கத்து விவசாயிகள்.

இந்த எபிசோடில் உங்களுக்கு உடன்பாடு இல்லாத இடம் இருந்தால், குறிப்பாக நார்த் தொழில் பற்றி நேரடியாகத் தெரிந்தவர்கள், எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.